சம்பளப் பட்டியலில் ஓர் அணி: பிலிப்ஸ் 66 கூடைப்பந்து அணியின் வரலாறு

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் அரைத் தொழில்முறை அணி என்று வழங்கப்படுவது, ஆட்டத்தால் ஏதோ ஒரு வகையில் வருவாய் பெற்றாலும் ஆட்டத்தையே முழுநேரப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் சேர்ந்து ஆடும் அணியாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தகைய அணிகள் இரு வழிகளில் உருவாயின. நுழைவுச்சீட்டு வசூலை ஆட்டக்காரர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஊர் அணிகள் ஒருபுறம் இருக்க, ஆட்டக்காரர்களை ஊழியர்களாக வேலைக்கு அமர்த்தி, மாதச் சம்பளத்தை வேலைக்கென்றும் ஆட்டத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றும் கணக்கெழுதிய நிறுவன அணிகள் மறுபுறம் இருந்தன. இரண்டாம் வகையில் மிக நீண்ட காலம் நிலைத்ததும் மிகுந்த வெற்றி கண்டதும் ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் என்ற எண்ணெய் நகரத்து அணியான பிலிப்ஸ் சிக்ஸ்டி சிக்ஸர்ஸ் ஆகும். ஆயிலர்ஸ் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் 1,543 வெற்றிகளையும் 271 தோல்விகளையும் மட்டுமே பதிவு செய்து, 11 தேசியப் பட்டங்களை வென்ற இந்த அணி, ஏட்டளவில் கடைசிவரை சம்பளம் பெறாத ஆட்டக்காரர்களின் அணியாகவே இருந்தது. அதை வெறும் ஏட்டுப் பொய் என்று ஒதுக்கிவிட்டால், இந்த அணி ஏன் அவ்வளவு காலம் நிலைத்தது என்பதும் ஏன் 1968இல் கலைந்தது என்பதும் விளங்காமல் போகும்.

1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை வடிவமைத்தபோது, குளிர்காலத்தில் கூரைக்கடியில் இளைஞர்களின் உடலை வளர்ப்பதற்கான பயிற்சியாகவே அது கருதப்பட்டது. கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் கூடங்களில் பரவிய ஆட்டம் சில ஆண்டுகளிலேயே முரட்டுத்தனமாகிப் பிற பயிற்சிகளுக்கு இடமில்லாமல் செய்ததால், சில கிளைகள் தம் அணிகளை வெளியேற்றின. அவ்வாறு வெளியேறிய நியூ ஜெர்சியின் டிரென்டன் அணி 1896இல் வாடகை மண்டபத்தில் கட்டணம் வசூலித்து ஆடி, செலவு போக மிஞ்சிய பணத்தை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்ததே தொழில்முறைக் கூடைப்பந்தின் தொடக்கம் என்று சொல்வது வழக்கம். இந்தப் போக்குக்கு எதிர்முனையில் நின்றது அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன் எனப்படும் ஏ.ஏ.யூ. அமெச்சூர் என்பவர் ஆட்டத்துக்காகப் பணம் பெறாதவர் என்பது அந்த அமைப்பின் இலக்கணம். அதை மீறியவருக்குத் தேசியப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் இடமில்லை. ஆனால் ஆட்டக்காரர் எங்கே வேலை பார்க்கிறார், அந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகளை அந்த இலக்கணம் எழுப்பவில்லை. அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் நுழைந்தது இந்தத் திறந்த வாசல் வழியாகத்தான்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தொழிலாளர்களுக்கென உடற்பயிற்சிக் கூடம், இசைக்குழு, சிற்றுண்டிச்சாலை, விளையாட்டு அணி ஆகியவற்றை நடத்துவதில் ஆர்வம் காட்டின. தொழிலாளி நிறுவனத்தின்மீது பற்றுக் கொள்வான், சங்கம் சேர மாட்டான் என்ற கணக்கு இதில் ஒரு பாதி. அணியின் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் நிறுவனத்தின் பெயரும் காசில்லாமல் அச்சாகும் என்பது மறுபாதி. ஏ.ஏ.யூ. ஆண்கள் போட்டியின் வெற்றியாளர் வரிசையைப் படித்தால் ஒரு வணிகக் கையேட்டைப் புரட்டுவதுபோல் இருக்கும். 1928, 1929ஆம் ஆண்டுகளில் கான்சாஸ் சிட்டியின் குக் பெயின்ட், அடுத்த மூன்று ஆண்டுகளில் விச்சிட்டாவின் ஹென்றி துணிக்கடை, 1933, 1934ஆம் ஆண்டுகளில் டல்சாவின் டைமண்ட் டி.எக்ஸ். எண்ணெய் நிறுவனம், 1935இல் ஒரு பேருந்து நிறுவனம், 1936இல் மெக்ஃபர்சன் என்ற சிற்றூரின் குளோப் சுத்திகரிப்பு ஆலை, 1941இல் ஹாலிவுட்டின் ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்று அது நீள்கிறது. பெண்களின் போட்டியிலும் இதே முறைதான் நிலவியது: பின்னாளில் தடகளத்திலும் கோல்ஃபிலும் உலகப் புகழ் பெற்ற பேப் டிட்ரிக்சனை டல்லஸின் எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்டி காப்பீட்டு நிறுவனம் 1930இல் அலுவலக வேலைக்கு அமர்த்தியது கூடைப்பந்துக்காகவே, மறு ஆண்டே அந்நிறுவனத்தின் அணி தேசியப் பட்டம் வென்றது.

பார்ட்டில்ஸ்வில்லின் கதை இந்தப் பொதுப் போக்கிலிருந்து ஓரளவு விலகியது. அயோவாவில் முடிதிருத்துநராகத் தொழிலைத் தொடங்கிய ஃபிராங்க் பிலிப்ஸ், தம்பி எல்.ஈ. பிலிப்ஸுடன் இந்த ஊருக்கு வந்து எண்ணெய்க் கிணறுகளிலும் வங்கித் தொழிலிலும் இறங்கி, 1917இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தை நிறுவினார். 1920இல் சரக்குக் கிடங்கு எழுத்தராக அங்கே சேர்ந்த கே.எஸ். ஆடம்ஸ் என்ற இளைஞர், நெய்ஸ்மித் பணியாற்றிய கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ‘பூட்ஸ்’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட அவர் நிறுவனத்தின் தொடக்ககால அணியில் ஆடியவர்களில் ஒருவர். 1938இல், தம் 38ஆம் வயதில், ஃபிராங்க் பிலிப்ஸுக்கு அடுத்து நிறுவனத்தின் தலைவரானார். மற்ற நிறுவனங்களில் அணி விளம்பரப் பிரிவின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருக்க, இங்கே தலைமை நாற்காலியில் அமர்ந்தவரே முன்னாள் ஆட்டக்காரர் என்பது அணியின் ஆயுளை நீட்டித்தது என்று கொள்ளலாம். பந்தில் தேர்ந்தவன் நிர்வாகத்திலும் உயர முடியும் என்று புதிதாக வருபவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. (ஆடம்ஸின் மகன் பட் ஆடம்ஸ், 1960இல் தொடங்கிய தம் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்று பெயரிட்டார்.)

1927இல் நிறுவனம் தன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பிலிப்ஸ் 66 என்ற வணிகப்பெயர் தோன்றியது. ஓக்லஹோமா வழியே ஓடிய 66ஆம் எண் நெடுஞ்சாலையோடு அந்த எண் மக்கள் மனத்தில் ஒன்றிவிட்டது. முதல் விற்பனை நிலையம் அவ்வாண்டு நவம்பரில் விச்சிட்டாவில் திறக்கப்பட்டது. பெருமந்தக் காலத்தில் அணி சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1930களின் நடுப்பகுதியில் மீண்டும் எழுந்தபோது அதன் நோக்கம் மாறியிருந்தது: உள்ளூர் ஊழியர்களுக்குள் ஆள் தேடுவதை விட்டு, பல்கலைக்கழகங்களின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து ஊழியர்களாக்கும் முறை வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சக் ஹயட் இங்கே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்ற 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், மழையில் சேறான திறந்தவெளிக் களத்தில் கனடாவை 19–8 என வென்ற அமெரிக்க அணியின் உயரமான நடுக்களவீரர் ஜோ ஃபார்ட்டன்பெரி, மெக்ஃபர்சன் ஆலையிலிருந்து பிலிப்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் இயங்கிய விதம் கவனிக்கத்தக்கது. பட்டதாரியாக வந்த ஆட்டக்காரர் கணக்கு, விற்பனை, பொறியியல் போன்ற ஏதேனும் ஒரு பிரிவில் பயிற்சி ஊழியராக அமர்த்தப்பட்டார். அதே நிலையில் சேர்ந்த பிற ஊழியருக்கு உரிய சம்பளமே அவருக்கும் கிடைத்தது. பகலில் மேசை வேலை, அது முடிந்தபின் பயிற்சி, குளிர்கால மாதங்களில் வெளியூர்ப் பயணம் என ஆண்டு நகர்ந்தது. பயணச் செலவையும் உடைச் செலவையும் நிறுவனம் ஏற்றது. போன இடங்களில் பிலிப்ஸ் பெட்ரோல் விற்கும் முகவர்களுக்கு அணியின் வருகை ஒரு திருவிழாவாக அமைந்தது. ஆடும் வயது கடந்ததும் ஆட்டக்காரர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை; மேசை அங்கேயே இருந்தது, சம்பள உயர்வும் பதவி உயர்வும் அதன்மீதே வந்தன. ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே வேலை பெற்றவர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. அங்கே அரசும் பொதுத்துறையும் செய்ததை இங்கே தனியார் எண்ணெய் நிறுவனம் செய்தது என்பதே வேறுபாடு.

ஏ.ஏ.யூ.வின் விதி இதை ஏற்றுக்கொண்டது; ஆனால் அதே விதி வேறிடங்களில் காட்டிய கடுமை வியப்பளிப்பது. ஒரு கையால் பந்தெறியும் முறையைப் பரவலாக்கிய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாங்க் லூயிசெட்டி, 1938இல் கேம்பஸ் கன்ஃபெஷன்ஸ் என்ற திரைப்படத்தில் நடித்து 10,000 டாலர் பெற்றதற்காக ஏ.ஏ.யூ.வால் ஓராண்டு தடைசெய்யப்பட்டார். தடைக்காலம் முடிந்தபின் அவரும் பிலிப்ஸ் அணிக்காக ஆடினார். ஒரு கார் விளம்பரத்தில் பெயர் வந்ததற்காக டிட்ரிக்சனும் 1932இல் இதே அமைப்பின் தடைக்கு ஆளானார். திரைப்படத்தில் நடித்ததற்காகப் பணம் பெறுவது அமெச்சூர் தகுதியைக் கெடுக்கும், ஆட்டத்துக்காகவே தரப்பட்ட வேலையில் சம்பளம் பெறுவது கெடுக்காது என்ற இந்த நிலைப்பாட்டில் தர்க்கம் தேடுவது வீண். பணம் ஆட்டக்காரரின் கைக்கு நேராக வருகிறதா, ஓர் அமைப்பின் வழியாக வருகிறதா என்பதையே விதி பார்த்தது. அமைப்புகளுக்கு வசதியான விதி அது.

1940இல் பிலிப்ஸ் அணி முதல் தேசியப் பட்டத்தை வென்றது. 1935 முதல் இந்தப் போட்டி பெரும்பாலும் டென்வர் நகரிலேயே நடந்துவந்தது. மார்ச் மாதத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து அணிகள் அங்கே கூடின. 1943 முதல் 1948 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பட்டத்தை பிலிப்ஸ் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் பிற அணிகள் ஆளின்றித் தள்ளாடியபோது, விமான எரிபொருளும் செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளும் தயாரித்த இந்த நிறுவனம் தன் அணியைக் குலையாமல் காத்துக்கொண்டது.

1946இல் அங்கே வந்து சேர்ந்தவர்தான் இந்த அணியின் வரலாற்றையே தன் பெயரோடு பிணைத்துக்கொண்ட பாப் கர்லண்ட். ஏழடி உயரமுள்ள அவர், ஹென்றி ஐபாவின் பயிற்சியில் ஓக்லஹோமா ஏ. அண்ட் எம். கல்லூரிக்காக 1945, 1946 ஆகிய இரு ஆண்டுகளும் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றவர். வளையத்துக்கு மேலே எழும்பி, உள்ளே இறங்கும் பந்தைத் தட்டிவிடுவதை அவரும் டீபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கனும் ஒரு தற்காப்புக் கலையாகவே வளர்த்துவிட்டதால், 1944இல் கல்லூரி விதிகள் அதைத் தடைசெய்தன. இன்றளவும் உலகெங்கும் கூடைப்பந்தில் நீடிக்கும் தடை அது. 1946இலேயே பி.ஏ.ஏ. என்ற புதிய தொழில்முறை லீக் தொடங்கியது; 1949இல் பழைய லீக் ஒன்றோடு இணைந்து என்.பி.ஏ. ஆனது. மைக்கன் தொழில்முறைக்குப் போனார். கர்லண்ட் பார்ட்டில்ஸ்வில்லுக்குப் போனார். பின்னோக்கிப் பார்ப்பவருக்கு இரண்டாவது தேர்வு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய தொழில்முறை அணிகள் இந்த ஆண்டு தோன்றி அடுத்த ஆண்டு திவாலாகிக்கொண்டிருந்தன. சம்பளமோ ஆடும் வயதோடு முடிந்துபோவது. நிறுவனம் கொடுத்ததோ ஓய்வுபெறும் வயதுவரை நீளும் ஒரு வாழ்க்கை. கூடவே, தொழில்முறை ஆட்டக்காரருக்கு அடைத்துக்கிடந்த ஒலிம்பிக் வாசல்.

அந்த வாசல் 1948இல் திறந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கல்லூரி அணிகளும் நிறுவன அணிகளும் மோதிய ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் இறுதியாட்டத்தில், அடால்ஃப் ரப் பயிற்றுவித்த கென்டக்கி பல்கலைக்கழக அணியை பிலிப்ஸ் 53–49 என வென்றது. கென்டக்கி அப்போதுதான் தேசியக் கல்லூரிப் பட்டத்தைப் பெற்றிருந்த அணி. கர்லண்ட் 20 புள்ளிகள் எடுத்ததோடு, எதிரணியின் நடுக்களவீரர் அலெக்ஸ் குரோசாவைத் தலையெடுக்கவிடவில்லை. அமெரிக்காவின் 14 பேர் கொண்ட ஒலிம்பிக் அணியில் பிலிப்ஸிலிருந்து ஐவர், கென்டக்கியிலிருந்து ஐவர், பிற அணிகளிலிருந்து நால்வர் இடம்பெற்றனர். பிலிப்ஸின் பட் பிரௌனிங் தலைமைப் பயிற்சியாளராகவும் பெரும்புகழ் பெற்ற ரப் அவருக்குத் துணையாகவும் அமர்ந்தனர். லண்டனில் அர்ஜென்டினாவிடம் மட்டும் 59–57 என நூலிழையில் தப்பிய அந்த அணி, இறுதியாட்டத்தில் பிரான்சை 65–21 என வீழ்த்தியது.

அந்த அணியின் இரு ஐவர் குழுக்களும் அடுத்த ஐந்தாண்டுகளில் சென்ற வழிகளை ஒப்பிடுவது, அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையின் உண்மையான எடையை அறிய உதவும். கென்டக்கியின் ஐவரில் நால்வர், படிப்பு முடிந்ததும் மற்றொரு சக மாணவருடன் சேர்ந்து 1949இல் இண்டியானாபோலிஸ் ஒலிம்பியன்ஸ் என்ற என்.பி.ஏ. அணியில் இறங்கினர், ஆட்டக்காரர்களே பங்குதாரர்களாக இருந்த அரிய அணி அது. 1951 அக்டோபரில், கல்லூரி நாட்களில் சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதாகக் குரோசாவும் ரால்ஃப் பியர்டும் கைது செய்யப்பட்டனர், என்.பி.ஏ. அவர்களை வாழ்நாள் முழுவதற்கும் விலக்கியது. 1953இல் அணியே மூடப்பட்டது. சம்பளமே இல்லாத தூய அமெச்சூர்கள் என்று போற்றப்பட்ட கல்லூரி மாணவர்கள், அரங்கு நிறைந்த வசூலைத் தம் கண்ணெதிரே பார்த்தபடி வெறுங்கையோடு ஆடியவர்கள் என்பதைச் சூதாட்டக்காரர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தனர். கர்லண்டோ 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரண்டாம் தங்கம் வென்று, ஆட்டத்தை நிறுத்தி, அலுவலக மேசைக்கே திரும்பினார்.

இந்த வெற்றிக் கணக்கில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. நிறுவன அணியின் கதவு வேலைவாய்ப்பின் கதவாகவே இருந்ததால், அன்றைய அமெரிக்க வேலைவாய்ப்பின் நிறவேற்றுமை முழுவதும் அணிக்குள்ளும் வந்தது. 1948 ஒலிம்பிக் அணியின் தலைவரான பிலிப்ஸ் ஆட்டக்காரர் ஜெஸ்ஸி ரெனிக் அமெரிக்கப் பூர்வகுடி வழிவந்தவர். ஆனால் அந்த ஒலிம்பிக் அணியின் ஒரே கறுப்பினத்தவரும், அமெரிக்க ஒலிம்பிக் கூடைப்பந்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவருமான டான் பார்க்ஸ்டேல், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பிட்னர்ஸ் அணியிலிருந்து வந்தார். அடுத்த ஆண்டு பிலிப்ஸின் ஆறாண்டுத் தொடரை முறித்துப் பட்டத்தைக் கைப்பற்றியது அதே ஓக்லண்ட் அணிதான்.

1947இல் நேஷனல் இண்டஸ்ட்ரியல் பாஸ்கெட்பால் லீக் என்ற பெயரில் நிறுவன அணிகள் தமக்கென ஒரு தொடர்போட்டியை அமைத்துக்கொண்டன. பியோரியாவின் கேட்டர்பில்லர், ஆக்ரனின் குட்இயர், மில்வாக்கியின் ஆலன்-பிராட்லி, பிலிப்ஸ் எனப் பெருநிறுவனங்கள் அதில் மோதின. அணிகளின் தரம் என்.பி.ஏ.வுக்கு மிகக் கீழே இல்லை. 1952 ஒலிம்பிக்குக்கு கேட்டர்பில்லரின் பயிற்சியாளரும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு பிலிப்ஸின் ஜெரால்ட் டக்கரும் பொறுப்பேற்றனர். மெல்போர்னில் பில் ரசலோடு பிலிப்ஸ் ஆட்டக்காரர்களும் ஆடிய அமெரிக்க அணி, ஒவ்வோர் ஆட்டத்தையும் 30 புள்ளிகளுக்குக் குறையாத வித்தியாசத்தில் வென்று, இறுதியில் சோவியத் அணியை 89–55 எனத் தோற்கடித்தது. சோவியத் ஆட்டக்காரர்கள் ராணுவத்திலும் ஆலைகளிலும் பெயரளவில் வேலைபார்த்துக்கொண்டு அரசின் செலவில் ஆடுகிறார்கள் என்ற புகார் அக்காலத்தில் அமெரிக்காவில் ஓங்கி ஒலித்தது. டிராக்டர் நிறுவனத்தின் ஊழியர்களையும் பெட்ரோல் நிறுவனத்தின் ஊழியர்களையும் களமிறக்கிய நாட்டிலிருந்து அது ஒலித்ததை அன்று கவனித்தவர் குறைவு. புகாரில் உண்மை இல்லாமலில்லை. இருதரப்பும் ஒரே விதியின் ஒரே இடைவெளியில்தான் நின்றன.

சரிவு தோல்வியிலிருந்து தொடங்கவில்லை. 1955இலும், 1962, 1963இலும் பிலிப்ஸ் பட்டம் வென்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக அதிகப் புள்ளிகள் எடுத்த ஜெர்ரி ஷிப் பிலிப்ஸ் ஆட்டக்காரர். மாறியது தொழில்முறையின் பொருளாதாரம். நிறுவன அணிகளின் வயிற்றிலிருந்தே தொழில்முறை அணிகள் பிறந்துகொண்டிருந்தன: இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் பிஸ்டன் உருக்கும் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் சோல்னரின் அணி 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து இன்றும் பிஸ்டன்ஸ் என்ற பெயரிலேயே என்.பி.ஏ.வில் ஆடுகிறது. 1961இல் ஏ.ஏ.யூ. பட்டம் வென்ற கிளீவ்லண்ட் பைப்பர்ஸ் அதே ஆண்டில் ஒரு புதிய தொழில்முறை லீக்குக்குத் தாவியது. நிறுவனங்களின் லீக்கும் அதோடு முடிவுக்கு வந்தது. தொலைக்காட்சிப் பணம் வந்தபின் 1965இல் என்.பி.ஏ. நட்சத்திரம் வில்ட் சேம்பர்லின் ஆண்டுக்கு 100,000 டாலர் ஒப்பந்தம் பெற்றார். ரசல் அதைவிட ஒரு டாலர் கூடுதலாகக் கேட்டு வாங்கினார். 1967இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் தோன்றி ஆட்டக்காரர்களுக்கு ஏலம் கூட்டியது. ஒரு பயிற்சி ஊழியரின் சம்பளமும் முப்பதாண்டுப் பணிப் பாதுகாப்பும் சேர்ந்தாலும், முதல்தரக் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் சில பருவங்களில் ஈட்டக்கூடியதற்கு ஈடாகாத நிலை வந்தது. அணிக்காக ஆட்டக்காரருக்கு மட்டும் தனிச் சம்பளம் கொடுக்கலாம். கொடுத்தால் அவர் ஊழியர் அல்லர், அணியும் அமெச்சூர் அல்ல.

1967–68 பருவத்தோடு நிறுவனம் அணியைக் கலைத்தது. இருபதாண்டுகளுக்குப் பின், 1989 ஏப்ரலில், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்கில் அனுமதிக்க வாக்களித்தபோது, நிறுவன அணிகளுக்கு எஞ்சியிருந்த ஒரே சிறப்புரிமையும் போயிற்று. அதை இழப்பதற்கு அப்போது அணிகளே இல்லை. அணி கலைந்த பின்னும் கர்லண்ட் பிலிப்ஸ் பெட்ரோலியத்திலேயே இருந்தார். வாகன ஓட்டியே இறங்கித் தன் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும் முறையை நிறுவனத்தில் புகுத்தியதில் அவருக்குப் பங்குண்டு என்று குறிப்பிடப்படுகிறது. உயர் நிர்வாகப் பதவிவரை சென்று, அங்கிருந்தே ஓய்வுபெற்றார்.